தீண்டலும் தீண்டாமையும்

(திங்கட் பொழிவில் ஆற்றிய உரை)



மாந்தர் ஒருவரையொருவர் எத்துணை நெருங்குகின்றனர், எப்போது தொடுகின்றனர், யாரைத் தொடாது விடுகின்றனர் என்பவற்றை எண்ணியும் அளந்தும் ஆராயும் அறிவுத்துறை ஒன்று உண்டு. அதனைப் பற்றிப் பேசவே வந்துள்ளேன். 'தொடுவதில் ஆராய என்ன இருக்கிறது?' என்று நீங்கள் எண்ணலாம். நிரம்ப இருக்கிறது. வாய் பொய் சொல்லும். கை அவ்வளவு எளிதாகப் பொய் சொல்வதில்லை.

எட்வர்டு ஆல் என்னும் அமெரிக்க மாந்தவியலறிஞர் 1966-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றி நான்கு வட்டங்களைச் சுமந்து திரிகின்றனர் என்றார். ஒன்றரை அடிக்குள் நெருங்கிய உறவு. நான்கு அடிவரை நட்பு. பன்னிரண்டு அடிவரை அலுவலும் பொதுப்பழக்கமும். அதற்கப்பால் மேடையும் அவையும். ஆனால், இவ்வளவுகள் அமெரிக்க வடகிழக்குக் கரையின் நடுத்தர மக்களிடம் கண்டவை. உலகத்தார் அனைவர்க்கும் பொருந்தா என்று அவரே எச்சரித்தார்.

அதே 1966-இல் சிட்னி சூரார்டு என்னும் உளவியலறிஞரின் ஆய்வும் வெளிவந்தது. குளம்பிக் கடைகளில் இருவர் இருவராக அமர்ந்து பேசுவோர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஒருவரையொருவர் தொடுகின்றனர் என்று அவர் எண்ணினார். புவர்த்தோ இரிக்கோவின் சான் உவான் நகரில் 180 முறை. பாரிசில் 110 முறை. புளோரிடாவின் கெயின்சுவில் நகரில் 2 முறை. இலண்டனில் ஒருமுறைகூட இல்லை! இலண்டன் மாந்தனுக்குத் தோல் வேறா? நரம்பு வேறா? இல்லை. தொடுதலும் தொடாமையும் குருதியில் வருவன அல்ல. கண்டு கற்றுக் கொள்வன. இவ்வொன்றை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

அடுத்து, மருத்துவத் துறையினர் இவ்வெண்ணிக்கையைக் கையிலெடுத்தனர். ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 7,290 பேரிடம் குறிப்பேடு கொடுத்து, ஒரு நாளில் யாரோடெல்லாம் பழகினீர்கள் என்று எழுதச் செய்தனர். நேரில் மூன்று சொல்லாவது பேசியிருக்க வேண்டும், அல்லது மெய் தீண்டியிருக்க வேண்டும், அதுவே கணக்கு. 2008-இல் வெளிவந்த அவ்வாய்வில் 97,904 தொடர்புகள் பதிவாயின. இத்தாலியர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது பேரோடும், செருமானியர் ஒருவர் எட்டுப் பேரோடும் பழகினர். பெரும்பாலோர் தம் அகவையினரோடே மிகுதியாகக் கூடினர். தொற்றுநோய் பள்ளிகளில் விரைந்து பரவுவது ஏன் என்பதற்கு இஃதொரு விளக்கம்.

நம் மண்ணிலும் இத்தகைய கணக்கு ஒன்று எடுக்கப்பட்டது. கொரோனா நோயின்போது தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நோயுற்ற ஏறத்தாழ 85,000 பேரையும், அவர்களோடு பழகிய 5,75,000 பேரையும் பற்றிய பதிவுகளை ஆய்ந்து 2020-இல் வெளியிட்டனர். ஊர்தியில் நெடுநேரம் நெருங்கி உடன் சென்றோரிடம் தொற்று மிக மிகுதி. ஊரில் பொதுவாகப் பழகியோரைவிட ஒரே வீட்டில் வாழ்வோரிடம் மிகுதி என்று கண்டனர்.

இதை நான் ஏன் சொல்கிறேன்? அந்நோய்க் காலத்தில், 'பார்த்தீர்களா? முன்னோர் தள்ளி நிற்கச் சொன்னது தூய்மைக்காகத்தான்' என்று சிலர் தீண்டாமைக்குப் புதுச் சாயம் பூசினர். எண்ணிக்கை என்ன சொல்கிறது? நோய் நம் வீட்டுக்குள், நாம் தழுவும் நம்மவரிடையேதான் மிகுதியாகப் பரவியது. தீண்டாமையோ நம்மவரைத் தள்ளி வைக்கவில்லை. பிறரென்று நாம் ஒதுக்கியவரையே தள்ளி வைத்தது. நோயுற்ற உறவினனைத் தொட்டது; நலமாயிருந்த உழவனைத் தொட மறுத்தது. இதுவா தூய்மை?

ஆல் அளந்த தொலைவு ஒருவன் தானே விரும்பி வைத்துக் கொள்வது. நம் நாட்டில் இருந்த தொலைவோ ஒருவன் மேல் மற்றொருவன் சுமத்தியது. மலையாள நாட்டில் இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி விலக வேண்டும் என்று அளவே வகுத்திருந்தனர். கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. பெரியார் சிறை சென்றார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் 2011-12-இல் இந்தியா முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கில், நூற்றுக்கு 27 வீட்டார் ஏதேனும் ஒரு வகையில் தீண்டாமை பார்ப்பதாகத் தாமே ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டவர் மட்டும் 27! வாய்திறவாதவர் எத்தனை பேரோ?

அன்பர்களே! பிறரைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக் கொள்ள விரும்பவில்லை. என் இளமையில் எங்கள் ஊரில் என் சிற்றப்பாவின் மளிகைக் கடையில் மாலை வேளைகளில் அமர்ந்திருப்பேன். சேரியிலிருந்து வரும் முதியவர் ஒருவர் இரு கைகளையும் குவித்து நீட்டுவார். நான் மீதிச் சில்லறையை ஒரு சாண் உயரத்திலிருந்து அக்கையில் போடுவேன். மற்றவர்க்கு உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். 'இவ்வாறு செய்' என்று எனக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிற்றப்பாவின் கையைப் பார்த்து என் கை கற்றுக் கொண்டது. ஒரு நாள் காசொன்று தவறி மண்ணில் உருண்டது. என் பாட்டனார் அகவையுடைய அவர் குனிந்து தேடினார். நான் பார்த்துக் கொண்டிருந்தேன். பின்னாளில் சூரார்டின் எண்களைப் படித்தபோது அந்த ஒரு சாண் இடைவெளிதான் என் கண்முன் நின்றது. அதை எந்த ஆய்வாளரும் அளக்கவில்லை. நான் அளந்தேன், நாணினேன்.

'தீண்டல்' என்னும் சொல்லை வள்ளுவர் எங்கே வைத்தார்? மக்கட்பேற்றில் குழந்தையின் மெய் தீண்டுதலை உடலின் இன்பமாக வைத்தார். காமத்துப்பாலில் காதலியின் தீண்டலை உயிர் தளிர்க்கச் செய்வதாக வைத்தார். இன்பத்தையும் உயிரையும் குறித்த அச்சொல்லின் நடுவே 'ஆ' என்னும் எதிர்மறை இடைநிலை ஒன்றைப் புகுத்தி, ஒரு பெருங்கொடுமைக்குப் பெயராக்கி விட்டோம். அவ்வோரெழுத்தை ஏட்டில் அடித்தால் போதாது. கையால் அடிக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு ஒரு பணி தருகிறேன். நாளை ஒருநாள் ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். யாருக்குக் கையில் வைத்துக் கொடுத்தீர்கள், யாருக்குத் தரையிலோ பலகையிலோ வைத்தீர்கள், யார் தோளில் கை போட்டீர்கள், யாரை வாசலில் நிறுத்திப் பேசினீர்கள், யார் குடித்த குவளையைத் தனியே கவிழ்த்து வைத்தீர்கள் என்று எழுதுங்கள். எவரிடமும் காட்ட வேண்டா. இரவில் நீங்களே படித்துப் பாருங்கள். மேடையில் நாம் பேசும் ஒப்புரவுக்கும் நம் கைக்கும் எத்தனை அடித் தொலைவு என்பது விளங்கும்.

கற்றுக் கொண்ட கை, மறக்கவும் கற்றுக் கொள்ளும். மறுநாள் காலையில், தொடாது விட்ட அக்கையில் காசை வைத்துக் கொடுங்கள்.