ஒலியிற் பிறந்த சொல்

சென்ற மாதம் மருத்துவர் ஒருவர் என் முழங்காலை மடக்கி நீட்டியபோது, உள்ளே நறநறவென்று ஓர் ஒலி எழுந்தது. "இதனைக் கிரெப்பிட்டஸ் என்போம்" என்றார் அவர். அச்சொல் என்னை வகுப்பறைக்கு அழைத்துச் சென்றது. 'கிரெப்பிட்டேட்' என்னும் ஆங்கில வினைக்குப் 'படபடவென ஒலித்தல்' என்று பொருள் கூறினேன். அதன் வேர் யாதென வினவிய மாணவனைத் "தேர்வுக்கு அது வேண்டா" என்று அமர்த்திவிட்டேன். அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்லுகிறேன்.

இலத்தீன் மொழியில் 'கிரெப்பாரே' என்றால் வெடித்தொலித்தல். அவ்வொலி மீண்டும் மீண்டும் எழுவதைக் குறிப்பது 'கிரெப்பிட்டாரே'. நாம் சடசட, படபட என இரட்டைக்கிளவியால் உணர்த்துவதை, அவர்கள் வினையின் உருவை மாற்றி உணர்த்தினர்.

1816இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், நோயுற்ற நுரையீரலில் கேட்ட ஒருவகை ஒலியைச் சூடேறிய பாத்திரத்தில் உப்புப் பொரியும் ஓசைக்கு ஒப்பிட்டார். இவ்வேரிலிருந்தே அதற்குப் பெயருமிட்டார்.

கணக்கில் முரண்பாடு நேர்ந்தால் 'டிஸ்கிரெப்பன்சி' என்கிறோம். வேறுபட்டு ஒலித்தல் என்பதே அதன் மூலப்பொருள். சுருதி சேராத இரு நரம்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதுமையால் தளர்ந்ததைக் குறிக்கும் 'டெக்ரெப்பிட்' என்பதும் இக்குடும்பத்ததே. என் முழங்கால் அதற்குச் சான்று!

வேரைக் காட்டியிருந்தால், ஒரு சொல்லைக் கேட்ட அம்மாணவன் மூன்று சொற்களைப் பெற்றிருப்பான். நீங்கள் வேரைக் கேளுங்கள். ஆசிரியர் தயங்கினால் அகராதியைக் கேளுங்கள். அன்று வினவிய அந்த மாணவனும் எங்கேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பானாக!