மஞ்சப்பையும் எவர்சில்வர் டம்ளரும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "சுற்றுச்சூழலும் மகளிர் தொழிலும்". நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. தலைப்புக்கு ஏத்த பெரிய வார்த்தை எல்லாம் எனக்கு வராது. எங்க குழு பை தைச்ச கதையையும், அதில் நாங்க பட்ட பாட்டையும் சொல்லுறேன்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி நம்ம தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கைத் தடை செய்தாங்க. மொத்தம் 14 பொருள். கேரி பேக், தண்ணி பாக்கெட், உறிஞ்சு குழல், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் உண்டு. கேரி பேக்கில் இது கனமானது, இது லேசானது என்ற பேச்சே நம்ம மாநிலத்தில் கிடையாது. எந்தக் கனத்தில் இருந்தாலும் தடைதான். இதை ஏன் சொல்லுறேன்னா, "இது கனமான கவர்மா, இதுக்குத் தடை இல்ல"ன்னு நம்மகிட்டயே கதை விடுற கடைக்காரங்க இன்னும் இருக்காங்க.

தடை வந்த புதுசில் கொஞ்ச மாசம் எல்லாரும் பேப்பரில் மடிச்சுக் கொடுத்தாங்க. அப்புறம் கேரி பேக் மெல்ல மேஜைக்குக் கீழே இருந்து வந்துச்சு. பிறகு 2021 டிசம்பர் 23-ஆம் தேதி முதலமைச்சர் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வச்சாங்க. அதை டி.வி.யில் பார்த்துட்டுத்தான் எங்க குழுவில் பேச்சு எழுந்துச்சு. எங்க பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பீடி சுத்துறவங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு இருந்து கழுத்து வலியும் தூள் இருமலும்தான் மிச்சம். வேற ஒரு தொழில் வேணும்னு எல்லாருக்கும் ஆசை. வங்கிக் கடனில் நாலு தையல் மிஷின் வாங்கினோம். மஞ்சள் காடாத் துணி எடுத்து வந்து பை தைக்க ஆரம்பிச்சோம்.

ஒரு பைக்குத் துணி 9 ரூபாய், நூலும் கைப்பிடிப் பட்டையும் 2 ரூபாய், தைக்கிறவளுக்குக் கூலி 3 ரூபாய். ஆக 14. நாங்க 15 ரூபாய் சொன்னோம். சுரண்டை, பாவூர்சத்திரம்னு கடை கடையா ஏறி இறங்கினோம். ஒரு காய்கறிக் கடை அண்ணாச்சி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னாவ: "எம்மா, பத்து ரூவா கத்தரிக்காய்க்குப் பதினஞ்சு ரூவா பையா?" அவுக சொன்னதிலும் நியாயம் இருக்கு. பஸ்ஸில் வரும்போது யாரும் பேசலை. தவணை தேதி மட்டும்தான் மனசில் ஓடிச்சு.

அந்தச் சமயம் ஒரு ஏஜென்ட் வந்தார். பளபளன்னு கலர் கலரா பை. தொட்டால் துணி மாதிரியே இருக்கு. "3 ரூபாய்க்குத் தாரேன், 5 ரூபாய்க்கு வித்துக்கோங்க, தைக்கவே வேண்டாம்"னார். எங்களில் பாதிப் பேருக்கு மனசு ஆடிருச்சு. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். எங்க குழுவில் மூத்தவங்க ஒரு பெரியம்மா, அந்தப் பையில் ஒரு ஓரத்தைக் கிழிச்சு அடுப்பில் காட்டினாங்க. பருத்தித் துணின்னா எரிஞ்சு சாம்பலா உதிரும். இது சுருண்டு உருகி, சொட்டு சொட்டா விழுந்து மணி மாதிரி இறுகிப் போச்சு. அம்புட்டும் பிளாஸ்டிக். துணி மாதிரித் தெரியிற இந்தப் பையும் அந்த 14 பொருளில் ஒண்ணுன்னு பிறகுதான் பட்டியலைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்களும் சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தைக் கொளுத்திப் பாருங்க, தெரிஞ்சிரும்.

வேண்டாம்னு தீர்மானம் போட்டோம். ஆனால் சும்மா போடலை, பெரிய சண்டை. "சட்டம் பேசுறீங்களே, தவணையை ஆரு கட்டுவா?"ன்னு கேட்டுட்டு ஒரு அக்கா எழுந்து போனவங்க ரெண்டு மாசம் கூட்டத்துக்கு வரலை. அவங்க வீட்டுக்காரருக்கு அப்போ வேலை இல்லை. அவங்க கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் இருந்து தாம்பூலப் பை 400 கேட்டாங்க. பொண்ணு மாப்பிள்ளை பேர் அச்சடிச்சுக் கொடுத்தோம். எங்களுக்கு ஒரே சந்தோஷம். எங்க குழுவில் ஒரு சித்தி ஊராட்சியில் தூய்மைக் காவலரா இருக்காங்க. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஒரு மூட்டையோட வந்து நடுவில் அவிழ்த்துக் கொட்டினாங்க. எல்லாம் நாங்க தைச்ச பை! அழுகின வெத்தலை, பாக்கு பொட்டலம், எச்சில் இலை எல்லாம் அதுக்குள்ள. எண்ணிப் பார்த்தோம், 31. "ஏளா, நீங்க தைக்கிறதையும் நான்தான் அள்ளணுமா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. எனக்குத் தலை நிமிர முடியலை.

குப்பை வண்டிக்கு வந்தது இவ்வளவு. வராதது வாய்க்காலுக்குப் போயிருக்கும். நம்ம ஊரை ஒட்டிப் போற சிற்றாறு குற்றாலத்து மலையில் பிறந்து, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேருது. குற்றாலத்தில் சீசனுக்கு வாரவங்க அருவியில் சோப்பு, ஷாம்பு போடக்கூடாதுன்னு உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு. மேலே இருக்கிறவங்க போடுறது நம்மகிட்ட வருதுன்னு நாம குறைப்படுறோம். நாம போடுறதும் கீழே இருக்கிறவங்களுக்குத்தானே போகுது.

எங்க வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை ஒரு சேதி சொன்னா. டென்மார்க் நாட்டு அரசாங்கம் 2018-இல் ஒரு கணக்குப் பார்த்திருக்காங்க. பருத்தி விளையத் தண்ணி, உரம், சாயம், மில்லு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால், பூமி சூடாகிற ஒரு கணக்குக்கு மட்டுமே ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது உபயோகிச்சாத்தான் அது பிளாஸ்டிக் பையை விட மேலாம். மத்த கெடுதலையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகுதாம். நம்ம தாம்பூலப் பை ஒரே ஒரு தடவை வீடு வரைக்கும் வந்துச்சு. அப்போ அது பேருக்குத்தான் மஞ்சப்பை.

பிறகு நாங்க பையை மாத்தினோம். அடி அகலமா, அஞ்சு கிலோ காய் தாங்குற மாதிரி ரெட்டைத் தையல், தோளில் மாட்டுற நீளத்தில் கைப்பிடி. பொண்ணு மாப்பிள்ளை பேரை உள்பக்கம் சின்னதா அச்சடிக்கிறோம். அடுத்த வீட்டுக் கல்யாணப் பேரைச் சுமந்துக்கிட்டு ஆரு சந்தைக்குப் போவா, சொல்லுங்க! விலை 28 ரூபாய் ஆச்சு. ஆர்டர் குறைஞ்சுது. ஆனா இப்போ சந்தையில் எங்க பையைப் பார்க்கிறேன், வெளுத்து, ஓரம் நைஞ்சு. அதைப் பார்க்கையில் வாரது தனிச் சந்தோஷம்.

இப்போ டம்ளருக்கு வாரேன். ஒரு பயிற்சியில் பேப்பர் கப் மிஷின் போடச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். பேப்பர்தானே, நல்லதுதானேன்னு நினைச்சோம். பெரியம்மா விடலை. கப்பைத் தண்ணியில் ஒரு ராத்திரி ஊறப் போட்டாங்க. காலையில் காகிதம் கூழாப் போச்சு, உள்ளே இருந்து வெங்காயத் தோல் மாதிரி ஒரு ஏடு உரிஞ்சு வந்துச்சு. பிளாஸ்டிக் ஏடு. இந்தக் கப்பும் 2019 தடையில் இருக்கு. உச்ச நீதிமன்றமும் 2023-இல் அந்தத் தடை சரின்னு சொல்லிருச்சு. அந்த மிஷினை வாங்கியிருந்தால் எங்க கதி என்ன ஆகியிருக்கும்!

ஆனா ஒண்ணு சொல்லணும். பேப்பர் கப் வந்தப்போ முதலில் சந்தோஷப்பட்டது நாமதான். எங்க மாமியார் காரியத்துக்கு நான் கழுவின டம்ளர் எத்தனைன்னு எனக்கே தெரியாது. நகக்கண்ணெல்லாம் வெடிச்சுது. ஆம்பளைங்க பந்தலில் சீட்டு விளையாடிக்கிட்டு "இன்னும் பத்து டம்ளர் கொண்டா"ன்னாவ. இப்போ கப்பு வேண்டாம், பழையபடி டம்ளருக்கு மாறுவோம்னு மேடையில் பேசுறது சுலபம். கழுவுறது ஆரு? அந்தக் கேள்வியை விட்டுட்டுச் சுற்றுச்சூழல் பேசினால், அந்தச் சுமை மறுபடியும் நம்ம முதுகில்தான் ஏறும்.

அதனால குழுச் சேமிப்பில் 200 எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். விசேஷ வீட்டுக்கு வாடகை 300 ரூபாய். கூடவே எங்க ஆள் ரெண்டு பேர் கழுவ வருவாங்க, ஆளுக்கு 350 ரூபாய் கூலி. கூலி இல்லாமல் டம்ளர் மட்டும் தர மாட்டோம், அது தீர்மானம். மொத்தம் ஆயிரம் ரூபாய். ஒரு காதுகுத்துக்கு ஆயிரம் கப் வாங்குறாங்க, ஒரு ஆளே மூணு கப்பு எடுக்காங்க, அதுவும் ஆயிரம் ரூபாய்தான் ஆகுது. அந்தப் பணம் கடைக்குப் போகும், இது நம்ம பொம்பளைங்க கைக்கு வருது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ மாட்டோம். ரெண்டு அண்டாவில் தண்ணி, ஒண்ணில் தேய்க்க, ஒண்ணில் அலச. கடைசித் தண்ணி வாழைக்கு. தொலைஞ்ச டம்ளருக்கு 25 ரூபாய் பிடிப்போம். இதுவரைக்கும் 14 தொலைஞ்சிருக்கு, அதில் ரெண்டு எங்க வீட்டு விசேஷத்திலேயே.

முன்னாடி கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு சொன்னேனே, அந்த அக்காதான் இப்போ டம்ளர் பொறுப்பு. பை தைக்கிறதை விட இதில் கை நிறையக் காசு நிக்குதுன்னு அவங்களே சொல்லுறாங்க. தையல் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கு.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊர்க் குழுவும் தனித்தனியா வாங்காமல், கூட்டமைப்புப் பேரில் ஆயிரம் டம்ளர் இருந்தால் பெரிய கல்யாணத்தையும் எடுக்கலாம். கழுவுற கூலியையும் எல்லா ஊருக்கும் ஒண்ணா நிர்ணயம் பண்ணலாம். இல்லைன்னா ஒரு ஊரில் 350, பக்கத்து ஊரில் 200-ன்னு நம்மளை நாமளே குறைச்சுக்குவோம். அடுத்த மாசக் கூட்டத்தில் இதைப் பொருளா வைக்கணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.

இன்னைக்கு இங்க காபி குடிச்ச டம்ளர் எங்களுதுதான். போகும்போது வாசலில் இருக்கிற அண்டாவில் போட்டுட்டுப் போங்க, எண்ணிட்டுத்தான் நாங்க கிளம்பணும்.