நேர்வழியும் சுற்றுவழியும்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வருகிறான் என்றதும், தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றியோ காலந் தவறாமையைப் பற்றியோ பேசப் போகிறான் என்றுதான் நீங்கள் எண்ணியிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. உலகம் அணுக்குண்டுகளால் அழிந்துபோன பிறகு, அந்த அழிவுக்கிடையே ஒருவன் எவ்வாறு பிழைத்து வாழ்வது என்பதே என் பேச்சின் பொருள். அஞ்ச வேண்டா. நான் கூறப்போவது ஒரு கணினி விளையாட்டைப் பற்றி.

விளையாட்டின் பெயர் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’. அப்சிடியன் என்னும் அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. அணுக்குண்டு வெடித்தபின் வானிலிருந்து மெல்ல இறங்கும் நச்சுத் தூசிக்கே ‘ஃபால்அவுட்’ என்று பெயர். கதைப்படி, 2077ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உலகப் பெரும்போர் மூண்டு, வல்லரசுகள் தம்முள் குண்டு பொழிந்து அழிகின்றன. நம் கதை தொடங்குவதோ 2281இல். அமெரிக்க நாட்டின் மொகாவி என்னும் பாலைநிலத்தில். அமெரிக்காவில் இவ்விளையாட்டைப் பதினேழு வயது நிரம்பியவர்க்கே உரியதென வகுத்திருக்கிறார்கள். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் அது கற்பிக்கும் பாடத்துக்கு வயது வரம்பு இல்லை.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் பேரன் சென்ற கோடை விடுமுறையில் இதை எனக்கு அறிமுகம் செய்தான். விளையாட்டில் நான் ஒரு கூலித் தூதன். ஒரு பொருளைக் கொண்டு சேர்க்கும் வழியில் கயவர் சிலர் என்னைத் தலையில் சுட்டுப் புதைத்துவிடுகின்றனர். ஓர் இயந்திர மனிதன் குழியினின்று தோண்டியெடுக்கிறான். குட்ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் மிட்செல் என்ற முதிய மருத்துவர் என்னைப் பிழைக்க வைக்கிறார். அவர் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தேன். வடக்கே, வெகு தொலைவில், வேகஸ் நகரத்தின் உயர்ந்த கோபுரம் தெரிந்தது. என்னைச் சுட்டவனும் அந்நகரத்தானே. பிறகு என்ன தயக்கம்? ஊராரிடம் ஒரு சொல்லும் கேளாமல் நேரே வடக்கு நோக்கி நடந்தேன்.

ஐந்து நிமிடத்தில் இறந்தேன். மறுபடியும் புறப்பட்டேன், மறுபடியும் இறந்தேன். அன்று மாலைக்குள் ஏழு முறை மாண்டேன். வடக்கேயுள்ள குன்றுகளில் ‘கசடோர்’ என்னும் பெருங்குளவிகள் இருந்தன. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு வேட்டைக்காரன் என்று பொருள். அமெரிக்கப் பாலையில் பெருஞ்சிலந்திகளையே வேட்டையாடும் குளவி இன்றும் உண்டு; அது மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டதாகக் கதை. அவற்றை விலக்கி நெடுஞ்சாலை வழியே சென்றேன். அங்கே கல்லுடைக்கும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதற்கப்பால் கற்சுரங்கம் முழுவதும் ‘டெத்கிளா’ என்னும் கொடு விலங்குகள். அத்தொழிலாளரே அஞ்சி வேலையை விட்டு அமர்ந்திருந்தனர். அவர்கள் எச்சரித்தும் நான் சென்றேன். முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

“தாத்தா, ஏழு முறை இறந்தீர்களே! ஏழிலும் ஒரே வழியில்தானே சென்றீர்கள்?” என்று பேரன் கேட்டான். முப்பத்தெட்டு ஆண்டு பிறரைக் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு, அக்கேள்விக்கு விடை கூற நா எழவில்லை. மறுநாள் தொடக்க மாணவனாக அமர்ந்து கற்கத் தொடங்கினேன். கற்றவற்றை உங்கட்கும் சொல்கிறேன்.

முதலாவது, தன் வலிமையைத் தான் அறிதல். விளையாட்டின் தொடக்கத்திலேயே வலிமை, கூர்ந்து நோக்கல், தாங்கும் திறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, நல்லூழ் என ஏழு பண்புகளுக்கு நாற்பது புள்ளிகளைப் பங்கிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்று முதல் பத்து வரை இருக்கலாம். எல்லாவற்றையும் பத்தாக்க எழுபது வேண்டும், கையிலிருப்பதோ நாற்பது. அதன்பின் துப்பாக்கி, மருத்துவம், பேச்சு, பழுதுபார்த்தல், பூட்டுத் திறத்தல் முதலிய பதின்மூன்று கலைகளுள் மூன்றை மட்டும் தன் தனிக் கலைகளாகத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாம் வல்லவனாக விரும்புகிறவன் எதிலும் அரைகுறையாகவே நிற்பான். புதியவர்க்கு என் கருத்து: ஒன்று உயிரைக் காப்பதாக இருக்கட்டும், துப்பாக்கி அதற்கு ஏற்றது. ஒன்று சண்டையைத் தவிர்ப்பதாக இருக்கட்டும். பேச்சு அதற்கு ஏற்றது. மூன்றாவது, கைப்பொருளைக் காப்பதாக இருக்கட்டும். பழுதுபார்த்தல் அதற்கு ஏற்றது. ஏனெனில் அவ்வுலகில் ஆயுதங்கள் சுடச்சுடத் தேய்ந்து கெடும். ஒரே வகைத் துப்பாக்கிகள் இரண்டு கிடைத்தால், ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு மற்றொன்றைச் செப்பனிடலாம்.

இரண்டாவது, முதல் ஊரை விட்டு விரைந்து ஓடாதிருத்தல். குட்ஸ்பிரிங்ஸில் சன்னி ஸ்மைல்ஸ் என்னும் பெண் நாயோடு ஊர்க்காவல் செய்கிறாள். அவளைத் தேடிச் சென்றால், வெற்றுப் புட்டிகளை வரிசையாக நிறுத்திச் சுடப் பழக்குகிறாள். பிறகு நீரூற்றுக்கு அழைத்துச் சென்று, அங்கு மொய்க்கும் பல்லிகளை விரட்டக் கற்பிக்கிறாள். அதன்பின் ஒரு பூவையும் ஒரு கிழங்கையும் கொண்டு, அடுப்புத் தீயருகே அமர்ந்து காயத்துக்கு மருந்துப் பொடி செய்யச் சொல்லித் தருகிறாள். புட்டி, பல்லி, மருந்து: எளிதிலிருந்து அரிதுக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு! ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முறை இதுவே அன்றோ? அவ்வூரில் பாழடைந்த பள்ளிக்கூடம் ஒன்றும் உண்டு. ஆவலோடு உள்ளே சென்றேன். பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பெரும் கும்பிடுபூச்சிகள் இருந்தன. என்னைப் போன்றவனுக்கு அக்காட்சி டெத்கிளாவைக் காட்டிலும் கொடியது.

மூன்றாவது, சுமையின் அளவு. இடிந்த வீடுகளில் தட்டு, கரண்டி, வாளி, பழைய நூல் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். புதியவன் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் திணிப்பான். ஒருவன் சுமக்கக்கூடியது 150 அலகு. அவன் வலிமைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பத்து அலகு கூடும். வலிமை ஐந்தானால் 200 அலகு. அதற்கு மேல் ஓர் அலகு ஏறினாலும் ஓட முடியாது. பகை வரும்போது ஊர்ந்துதான் செல்ல வேண்டும். எனவே எடை குறைந்ததும் விலை மிகுந்ததுமான பொருளையே எடுங்கள். மருந்து, நல்ல நீர், துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றுக்கு முதலிடம் தாருங்கள். எஞ்சியதை ஊரில் விற்றுவிடுங்கள். அங்கே வழங்கும் நாணயம் யாது தெரியுமா? சோடாப் புட்டியின் மூடி! அரசும் அக்கசாலையும் அழிந்தபின், யாராலும் எளிதில் செய்ய முடியாததும் எல்லாரும் மதிப்பதுமான ஒன்று நாணயமாகிவிடுகிறது. பொருளியல் மாணவர்கள் இதைச் சிந்திக்கலாம்.

நான்காவது, வழியறிதல். வடக்கே இருக்கும் நகரத்தை அடையப் புதியவன் தெற்கே செல்ல வேண்டும்! முதலில் பிரிம், பிறகு நிப்டன், பின் கிழக்கே திரும்பி நோவாக், அதன்பின் வடக்கே பௌல்டர் நகரம் வழியாக வேகஸ். பார்ப்பதற்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி. ஆனால் இவ்வழியில் ஒவ்வோர் ஊரிலும் ஓர் அறிவு கிடைக்கிறது. ஒரு துணை கிடைக்கிறது. உடலும் ஆயுதமும் சிறிது சிறிதாக உரம் பெறுகின்றன. நோவாக் மட்டும் கற்பனை ஊர். விடுதியொன்றில் ‘இடமில்லை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பலகையில் எழுத்துகள் சில அவிந்துபோக, எஞ்சியவையே ஊர்ப்பெயராயின. மற்ற ஊர்களை நீங்கள் நிலப்படத்திலேயே காணலாம். பௌல்டர் நகரம், 1931இல் ஹூவர் அணையைக் கட்ட வந்த தொழிலாளர்க்காக எழுந்தது. கதையில் இரு பெரும் படைகள் அந்த அணைக்காகவே போரிடுகின்றன. நீரும் மின்சாரமும் எவர் கையில் இருக்கின்றனவோ, பாலைநிலம் அவர் கையில் அன்றோ?

ஐந்தாவது, நாவடக்கமும் உடையடக்கமும். துப்பாக்கி எடுக்குமுன் பேசிப் பாருங்கள். பேச்சுக்கலை வளர்ந்தவன் ஒரு சொல்லால் தீர்க்கும் பகையை, மற்றவன் ஐம்பது குண்டுகளாலும் தீர்க்க முடியாது. இறந்த வீரனின் சட்டை உறுதியாக இருக்கிறதே என்று எடுத்து அணியாதீர்கள். அவ்வுடைக்கு உரிய படையின் பகைவர், தொலைவிலேயே உங்களைத் தம் பகைவனாகக் கருதிச் சுடுவர்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். பெருங்குளவி கொட்டி ஏழு முறை வீழ்ந்த பிறகே அது எனக்கு முழுதும் விளங்கிற்று.

ஆறாவதும் முடிவானதுமான குறிப்பு: அடிக்கடி நிலையைச் சேமித்து வைத்தல். இவ்விளையாட்டில் எந்த நேரத்திலும் நம் நிலையைப் பதிவு செய்து கொள்ளலாம். இறந்தால் அவ்விடத்திலிருந்து தொடரலாம். ஒரே பதிவை மீண்டும் மீண்டும் அழித்து எழுதாமல், ஊருக்கு ஒரு பதிவாக வைத்துக்கொள்வது நன்று. இல்லையேல் தீராத இக்கட்டில் பதிந்துவிட்டுத் திரும்ப வழியின்றித் தவிப்பீர்கள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1991ஆம் ஆண்டு எட்டாம் வகுப்புக்குக் கணக்குக் கற்பித்தேன். காலாண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு மாணவன் எழுந்து நின்று, “ஐயா, தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது, இன்னொரு முறை செய்து காட்டட்டுமா?” என்று கேட்டான். “தேர்வு முடிந்துவிட்டது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. அதை அடக்கம் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஏழு முறை தவறிய எனக்கு ஓர் இயந்திரம் எட்டாம் வாய்ப்புத் தந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் ஒரு குழந்தைக்கு இரண்டாம் வாய்ப்புத் தரவில்லை. மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். தவறியவன் மறுபடியும் முயல்வதற்கு ஒரு பதிவிடத்தை உங்கள் வகுப்பில் வைத்திருங்கள்.

ஆயினும், மறு வாய்ப்பு எல்லாவற்றுக்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். வேகஸ் நகரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் நெவாடா அணுச்சோதனைக் களம் இருக்கிறது. அங்கே 1951 முதல் 1992 வரை 928 அணுச் சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றுள் நூறு, வானம் பார்க்க வெட்டவெளியில் நிகழ்ந்தவை. எழுந்த புகைக்குடையை வேகஸ் நகரில் நின்று மக்கள் வேடிக்கை பார்த்தனர். காற்று வீசிய திசையில் வாழ்ந்த சிற்றூர்களின் மேல் தூசி விழுந்தது. அவர்களுள் புற்றுநோய் கண்டவர்க்கு ஈடு கொடுக்க அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது 1990இல்! 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் அந்நாட்டுச் சோதனைகள் நிலத்தடிக்குச் சென்றன.

விளையாட்டில் உடலில் ஏறிய கதிரியக்கத்தை ஒரு பை மருந்து குறைத்துவிடும். மெய்யுலகில் எல்லா வகைக் கதிரியக்கத்தையும் அவ்வாறு நீக்கும் மருந்து இல்லை. அயோடின் மாத்திரை, கதிரியக்க அயோடின் கழுத்துச் சுரப்பியில் சேராமல் தடுக்கும், அவ்வளவே. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும்; கதிரியக்கம் சாகாது.

விளையாட்டில் நாம் கற்பது அழிந்த உலகில் பிழைக்கும் வழி. ஆனால் அவ்வுலகம் அழியுமுன் யாரேனும் ஒருவர் சுற்றுவழியைத் தேர்ந்திருந்தால், பேசிப் பார்த்திருந்தால், தன் வலிமைக்கும் அளவுண்டு என்று உணர்ந்திருந்தால், அந்தக் கதையே தோன்றியிராது. நாடுகளை நடத்துவோர் கையில் சேமித்த நிலை என்பதொன்று இல்லை. நாளை அவ்விடத்தில் அமரப் போகிறவர்கள் நீங்கள்.

நான் இப்பொழுது நோவாக் ஊரை அடைந்திருக்கிறேன். வேகஸ் இன்னும் தொலைவில் இருக்கிறது. மெதுவாகவே செல்வதாக உத்தேசம்.