கதவும் கடிதமும்



எந்த ஆசிரியரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ, அவர் கரும்பலகையில் எந்தப் பொறியை வரைந்தாலும் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்குமுன் ஒன்று கேட்பார்: “இது கெட்டுப்போனால், எப்படிக் கெடும்?” அவருடைய அந்தக் கேள்வியை ஒரு விமானக் கதவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10 லண்டனுக்குக் கிளம்பியது. பிரிட்டிஷ் விமான ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் இடம் கிடைக்காமல் தவித்த பலர் கடைசி நேரத்தில் இதில் ஏறியிருந்தார்கள். சில நிமிடங்களில் பின்பக்கச் சரக்கு அறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கீழ் அறையில் காற்றழுத்தம் சட்டென்று விழ, மேலே பயணிகள் இருந்த தளம் அழுத்தம் தாளாமல் உள்வாங்கியது. வாலை இயக்கும் கம்பிவடங்கள் அந்தத் தளத்தின் அடியில்தான் ஓடின. விமானிகளின் கையில் இருந்த விசைக்கும் வாலுக்கும் தொடர்பு அற்றுப்போனது. ஒன்றரை நிமிடத்துக்குள் எர்மனோன்வில் காட்டில் 346 உயிர்கள் போயின.

கதவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பயணிகள் ஏறும் கதவு பெரும்பாலும் உள்ளிருந்து அடைக்கும் தக்கை மாதிரி. அழுத்தம் கூடக்கூட இறுகும். டிசி-10இன் சரக்குக் கதவோ வெளிப்பக்கம் திறப்பது. அழுத்தம் முழுவதையும் அதன் கொக்கிகளே தாங்கவேண்டும். அந்தக் கொக்கிகளை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கலாம் என்றுதான் உடற்பகுதியைக் கட்டிய கான்வேர் நிறுவனம் முதலில் எண்ணியது. அந்த முறையில் கொக்கி சரியாக மாட்டாவிட்டால், தாழ்வாகப் பறக்கும்போதே, சிறு அழுத்தத்திலேயே கதவு நழுவித் திறந்துவிடும். பெரிய சேதம் வராது. விமானம் வாங்கும் நிறுவனம் ஒன்று மின்மோட்டாரைக் கேட்டது. கதவுக்கு 28 பவுண்டு எடை குறையும். ஆனால் மின்மோட்டார் அரைகுறையாக மாட்டிய கொக்கியையும் பிடித்துவைத்திருக்கும். உயரம் ஏறி அழுத்தம் முற்றியபின் ஒரேயடியாகக் கைவிடும். ஆசிரியரின் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது.

1970 மே மாதம், தரையில் நடந்த அழுத்தச் சோதனையிலேயே கதவு தெறித்தது, தளமும் உட்கார்ந்தது. 1972 ஜூன் 12 அன்று கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் இதேதான் நடந்தது. இயந்திரங்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை ஓட்டமுடியுமா என்று கேப்டன் பிரைஸ் மெக்கார்மிக் முன்பே பயிற்சிக் கருவியில் பழகிப் பார்த்திருந்தார். அந்தப் பழக்கம் 67 பேரையும் டெட்ராய்ட்டில் உயிரோடு இறக்கியது. ஒரு தனிமனிதரின் முன்யோசனை எத்தனை பெரியது! ஆனால் ஒரு நிறுவனம் அதை நம்பியே காலம் தள்ளக்கூடாது.

பதினைந்து நாள் கழித்து, கான்வேரின் பொறியியல் இயக்குநர் டான் ஆப்பிள்கேட் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வரும் இருபது ஆண்டுகளில் இந்தக் கதவுகள் திறக்கத்தான் செய்யும், திறந்தால் பெரும்பாலும் விமானமே போய்விடும் என்பது அதன் சாரம். அவர் சொன்ன உண்மைகளை மேலிடம் மறுக்கவில்லை. இதைக் கிளப்பினால் திருத்தச் செலவு நம் தலையில் விழுமே என்று கணக்குப் பார்த்தது. கடிதம் நிறுவனத்தை விட்டு வெளியே போகவில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தெரியாமல் நேர்ந்த தவறு அல்ல இது. தெரிந்து, எழுதி, படித்து, கோப்பில் கட்டி வைத்த தவறு.

அமெரிக்க அரசின் பங்கும் குறைவில்லை. கதவைத் திருத்தக் கட்டாய ஆணை பிறப்பிக்க, அரசின் விமான நிர்வாகத்தின் வட்டார அலுவலகம் வரைவே தயாரித்துவிட்டது. ஆனால் அந்த நிர்வாகத்தின் தலைவர் ஜான் ஷாஃபரும் டிசி-10ஐத் தயாரித்த டக்ளஸ் நிறுவனத்தின் ஜாக்சன் மெக்கவனும் தொலைபேசியில் பேசி முடித்தார்கள். ஆணை, வெறும் பராமரிப்பு அறிவுறுத்தலாகச் சுருங்கியது. அந்த அறிவுறுத்தல்படி கதவுப் பொறியில் பொருத்தவேண்டிய தாங்கு தகடு, துருக்கிக்குப் போன அந்த விமானத்தில் பொருத்தப்படவே இல்லை. பொருத்தியாயிற்று என்று ஆய்வாளர்களின் முத்திரைகள் மட்டும் ஆவணத்தில் இருந்தன. போதாததற்கு, கொக்கிகளைப் பூட்டும் ஊசிகளும் தப்பாகச் சரிசெய்யப்பட்டிருந்தன. 1975இல்தான், பெரிய விமானங்களின் தளத்தைப் பாதுகாக்கக் கட்டாய ஆணை வந்தது.

விபத்துக்குப் பிறகு முதலில் விரல் நீண்டது, ஓர்லியில் அந்தக் கதவை மூடிய தொழிலாளியை நோக்கி. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்திலும் துருக்கியிலும் இருந்தது; அல்ஜீரியரான அவருக்கு இரண்டும் தெரியாது. ஊசிகள் இறங்கினவா என்று பார்க்கக் கதவில் ஓர் அங்குலக் கண்ணாடித் துளை உண்டு. அதன் வழியே பார்ப்பது அவர் வேலை அல்ல. அன்று யாருமே பார்க்கவில்லை. முன்பு வின்ட்சர் விமானத்தின் கதவை மூடியவர் முழங்காலால் அழுத்தித்தான் கைப்பிடியை இறக்கினார். ஓர்லியில் அந்தச் சிரமம்கூட இல்லை. தப்பாகத் திருத்திய ஊசிகள் தடுக்காததால் கைப்பிடி சுலபமாக இறங்கி மடங்கியது. கைப்பிடியோடு சேர்ந்து இயங்கும் சிறு காற்றுக் கதவும் மூடிக்கொண்டது. கதவு பூட்டிவிட்டது என்பதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த அடையாளம் அதுதான்.