ரேகை தேய்ந்த கைகள்

(புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



சமீபத்தில் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு பென்ஷன் விஷயமாகப் போயிருந்தோம். ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் அறுந்த இழையை ஒட்டிய கை அவருடையது. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று வருஷத்துக்கு ஒருமுறை அவர் சான்று கொடுக்க வேண்டும். இயந்திரத்தில் விரலை வைத்தார், ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார், ஏற்கவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. “ரேகை விழவில்லையே, பெரியவரே” என்றார்கள். அவர் சிரித்தார். “ரேகையை மில்லிலேயே விட்டுவிட்டு வந்தேன், தம்பி” என்றார்.

முகத்தைப் படம் பிடித்துச் சான்று பதியும் வழியும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, காரியத்தை முடித்துக்கொண்டு வந்தோம். ஆனால் அவர் சொன்ன வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை.

கிழப்பருவம் எல்லோருக்கும் வருவதுதானே என்கிறார்கள். வருகிறது, ஒரே மாதிரியா வருகிறது? பஞ்சுத் தூசியில் நின்றவனைக் கேளுங்கள். லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகும். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவோம். வருஷங்கள் போனால் அது திங்கட்கிழமையோடு நிற்பதில்லை. வாரம் பூராவும் மூச்சு இரைக்கும். தறிக்கூடத்தில் நின்றவனுக்குக் காது மந்தம். பாகூர் வயலில் குனிந்து குனிந்து நாற்று நட்ட தாயாருக்கு ஐம்பதிலேயே இடுப்பு நிமிர்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவருக்கு அறுபதில் வருவது நமக்கு நாற்பத்தைந்தில் வந்துவிடுகிறது. நம் முதுமைக்குக் காரணம் வயது மட்டுமல்ல. நாம் செய்த வேலையும்தான்.

அப்படியானால் வயதான காலத்தில் நமக்கு வரும் பணம் தர்மமா? இல்லை. பாக்கிக் கூலி!

கணக்கைப் பாருங்கள். பி.எஃப்.பில் முதலாளி போடும் பங்கிலிருந்து, சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 வீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. 1995 நவம்பரில் வந்த திட்டம் இது. அந்தப் பணம் யாருடைய பணம்? நாம் வேலை செய்ததால் வந்த பணம். கையில் கொடுக்காமல் பின்னால் கொடுக்கிறேன் என்று நிறுத்தி வைத்த கூலி அது. சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் பென்ஷன் தெரியும். உதாரணமாக, கணக்கில் 5,000 ரூபாய் சம்பளம், 14 வருஷ சர்வீஸ் என்றால், மாதம் 1,000 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்தும் அது ஏறவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் பருப்பு விலை நின்றதா? மருந்து விலை நின்றதா?

விவசாயத் தொழிலாளிக்கு இதுவும் கிடையாது. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல், பி.எஃப். போட முதலாளி யார்? முதியோர் பென்ஷன் ஒன்றுதான் கதி. அதில் மத்திய சர்க்காரின் பங்கு 2006-ல் 200 ரூபாய் ஆயிற்று. பதினைந்து வருஷம் கழித்தும் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதே 200 தான். புதுச்சேரி சர்க்கார் தன் பங்கைச் சேர்ப்பதால்தான் ஏதோ கஞ்சிக்காவது ஆகிறது.

பணம் இல்லை, வழி இல்லை என்பார்கள். பென்ஷன் என்றால் என்னவென்று புதுச்சேரிக்காரனுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ‘சொல்தா’க்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி இங்கே கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் முடிந்தது. அதன் பிறகும் அவர்களுக்குக் கடல் தாண்டிப் பென்ஷன் வந்தது. அவர்கள் மேல் நமக்குப் பொறாமை இல்லை. கொடி இறங்கிய பிறகும் ஒரு தேசம் தன் சிப்பாய்க்குப் படியளக்க முடியுமானால், ஊருக்குத் துணி நெய்தவனுக்கும் சோறு விளைத்தவளுக்கும் படியளக்க ஏன் முடியாது?

அந்தப் பிரான்சில்கூடத் தொழிலாளிக்கு அது சும்மா வரவில்லை. 1910-ல் 65 வயதுக்குப் பென்ஷன் என்று சட்டம் போட்டார்கள். அந்த வயது வரை எத்தனை தொழிலாளி உயிரோடு இருக்கிறான், இது செத்தவனுக்குப் பென்ஷன் என்று அங்கே சங்கத்தார் கேலி செய்தார்கள். இங்கே 1936 ஜூலை 30-ல் நம் ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. உழைக்கும் நேரத்துக்கு வரம்பு கட்டியவர்கள் அவர்கள். உழைத்து முடித்த பிறகு உள்ள வாழ்வுக்கு வழி கட்ட வேண்டியவர்கள் நாம்.

கடலூர் சாலை ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அதே வருஷம் மூடப்பட்டன. ஐம்பது வயதில் வேலை போனால் கை அவசரப்படும். பென்ஷனை உடனே எடுத்துவிடத் தோன்றும். 58-க்கு முன்னால் எடுத்தால் ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு 4 வீதம் பிடித்தம். அந்தப் பிடித்தம் ஆயுள் பூராவும் நிற்கும். கையெழுத்துப் போடுமுன் சங்கத்தில் வந்து கேளுங்கள். நாற்பது வயதிலேயே பி.எஃப். பதிவில் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர் சரியா என்று பாருங்கள். ஓர் எழுத்துத் தப்பினால், நாளைக்கு விதவையாகும் தாய் வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. ஆலை வாசலில் நியாயம் பேசுகிறோம். வீட்டில் அப்பா இருமினால் முகம் சுளிக்கிறோமே, அது என்ன நியாயம்? கை ஓய்ந்ததும் வெளியே தள்ளுபவன் முதலாளி என்றால், அம்மாவைத் திண்ணைக்குத் தள்ளுபவன் யார்? 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறது. வக்கீல் வேண்டாம், தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கலாம். பார்த்துக்கொள்வதாக எழுதி வாங்கிய வீட்டை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. ஆனால் நம் வீட்டுப் பெரியவர் அந்தப் படி ஏறினால், தோழர்களே, அது நமக்குத் தலைகுனிவு.

நாமும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். கண்ணாடி வந்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசுகிறது. பெரியவர்களின் வழக்கு இனி நம் வழக்கும்தான். ரேகை தேய்ந்தால் தேயட்டும். உரிமை தேயவிடக் கூடாது. வாருங்கள், சேர்ந்து கேட்போம்!