அவசரப்படாத சாக்ஸபோன்



1956 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸில் நான்கு பேர் சேர்ந்து ஓர் இசைத்தட்டுக்காக வாசித்தார்கள். பியானோவில் ஆர்ட் டேட்டம். கண்பார்வை மிகக் குறைவு. விரல் வேகத்திலோ ஜாஸ் உலகமே அவரைப் பார்த்து மிரண்டது. ஒரு சுரம் போதும் என்கிற இடத்தில் இருபது சுரங்களை உதிர்ப்பார். கூட வாசிப்பவர் பாடு திண்டாட்டம்தான். பாஸில் ரெட் காலண்டர், டிரம்ஸில் பில் டக்ளஸ். டெனர் சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர்.

வேகத்துக்கு வேகம் என்று வெப்ஸ்டர் இறங்கவில்லை. மெட்டை எடுத்து, நிதானமாக, ஏறக்குறைய மாற்றாமலே வாசித்தார். டேட்டம் விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்; இவர் பாட்டுக்கு ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து நிற்கிறார். துணிச்சல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இப்படி மெதுவாக நகரும் காதல் பாட்டுகளை ஜாஸ்காரர்கள் பாலட் என்பார்கள். பெரும்பாலும் பிராட்வே நாடகங்களிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தவை. வேகமான உருப்படியில் ஒரு சுரம் பிசகினால் அடுத்தது மூடிவிடும். பாலட்டில் ஒளிய இடமில்லை. அதிலும் நால்வர் குழுவில், பின்னால் வயலின் கூட்டமும் கிடையாது.

வெப்ஸ்டர் செய்தது என்ன? உதட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி, தாழ்ந்த சுரங்களில் காற்றையும் நாதத்தோடு கலந்துவிடுவார். சுரம் முடியும்போது அதிர்வு அகன்று, நாதம் தேய்ந்து, வெறும் மூச்சு மட்டும் மிஞ்சும். மூச்சுச் சத்தம் வெளியே கேட்பதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. இவர் அதையே இசையாக்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் நண்பர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'முரடன்'. வேகப் பாட்டுகளில் சாக்ஸபோனை உறுமவே வைப்பார். 1940இல் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்தார். ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த ஜானி ஹாட்ஜஸ் அங்கே பக்கத்திலேயே இருந்தார். சுரத்தைக் குழைத்து வாசிக்கும் பழக்கம் அவரிடமிருந்து தொற்றியது.

இன்னொரு டெனர் மேதையான லெஸ்டர் யங், பாட்டின் வரிகள் தெரியாமல் பாலட் வாசிக்கக் கூடாது என்பார். வெப்ஸ்டரைக் கேட்டால் அது ஏன் என்று புரிகிறது. எங்கே வாக்கியம் முடிகிறதோ அங்கேதான் மூச்செடுக்கிறார்.

அந்தப் பதிவு முடிந்து இரண்டு மாதத்துக்குள் டேட்டம் காலமானார். வெப்ஸ்டர் 1964இல் ஐரோப்பாவுக்குப் போனவர், 1973இல் ஆம்ஸ்டர்டாமில் மறையும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

அதே தட்டிலிருந்து 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்' இப்போது ஒலிக்கும். பியானோ உங்களை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். இந்த ஒரு முறை மட்டும் விட்டுக்கொடுக்காமல் சாக்ஸபோன் பின்னாலேயே போங்கள்.