வீட்டுக் கணினியும் குடும்ப ஆவணப் பாதுகாப்பும்
(போடிநாயக்கனூரில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வீட்டுக் கணினியில் உள்ளவற்றைக் காக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்தனர். கணினி என்பது படித்த பிள்ளைகளின் சமாச்சாரம், தோட்டமும் வியாபாரமும் பார்ப்போர்க்கு அதனோடு என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு இந்நகரமே சாட்சி. வாய்விட்டு விலை கூவிய காலம் போய், ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலக்காய் ஏலம் இங்கும் புற்றடியிலும் கணினித் திரையிலேயே நடைபெறுகின்றது. ஏலச்சீட்டும் வரிக்கணக்கும் பாங்கிக் கணக்கும் யந்திரத்தினுள் புகுந்துவிட்டன. ஆதலின் யந்திரத்தைக் காத்தல் என்பது குடும்பத்தைக் காத்தலே யாம்.

நம்மவருள் அநேகர்க்கு வீடு போடியிலும், தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால் சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் முதலிய இடங்களிலும் உள்ளன. வீட்டுப் பத்திரம் தமிழில்; தோட்டத்துப் பத்திரமோ மலையாளத்தில். இரண்டு இராஜ்யத்துக் கச்சேரிகளுக்கும் காட்டவேண்டிய காகிதங்களை ஸ்கான் செய்து ஒரே கணினியில் வைத்திருக்கின்றோம். பதிவான கிரயப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் ஆபீஸில் மனுச்செய்து நகல் பெறலாம். ஆனால் நாள்தோறும் எழுதிய கூலிக்கணக்கையும், பத்து வருஷத்து விளைச்சல் குறிப்பையும், காலஞ்சென்ற தாய் தந்தையரின் படங்களையும், பேரன் பேத்தியரின் மழலைக் குரலையும் எந்தக் கச்சேரியில் மனுச்செய்து பெறுவது?

அவை அழியும் வழிகள் மூன்று. முதலாவது, இயற்கை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இம்மலையடிவாரத்தில் இடிக்கும் இடி ஒன்று போதும். மின்கம்பி வழியே பாய்ந்து யந்திரத்தைக் கருக்கிவிடும். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் சர்ட்டிபிகேட்டுகளை இழந்தோர் எத்தனையோ பேர். நகல் வழங்குவதற்கென்றே சர்க்கார் தனி முகாம்கள் நடத்தவேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் இடுக்கி மலைகள் சரிந்து பாதைகள் துண்டான செய்தியை இச்சபையில் உள்ளோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, யந்திரத்தின் ஆயுள். ஹார்டு டிஸ்க் என்பதும் தேய்வுறும் பொருளே. முன்னறிவிப்பு யாதுமின்றி ஒருநாள் நின்றுவிடும். மூன்றாவது, கள்வர். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

இவற்றிற்கெல்லாம் மருந்து ஒன்றே: நகல். இது நமக்குப் புதிய வித்தையன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. கறையானும் ஈரமும் அதனைத் தின்னும். ஆகையால் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டே வந்தனர். அவ்வாறு பெயர்த்தெழுதிய பிரதிகள் பல ஊர்களில் பல வீடுகளில் இருந்தமையாலன்றோ மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் அவற்றைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சிட முடிந்தது? பெயர்த்தெழுதுவாரின்றி விடப்பட்ட நூல்கள் பெயரளவில் மட்டும் எஞ்சின. மறுபுறத்தில், 1981-ஆம் வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களுக்கு வேறு பிரதிகள் கிடைத்தன. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் போனவை போனவையே. ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருள் பாதி தொலைந்த பொருள் என்பது இதனால் விளங்கும்.

நகல் வைப்பதற்கு அறிந்தோர் சொல்லும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்பதாகும். எந்த ஆவணத்திற்கும் பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே இருத்தல் வேண்டும். ஒரு பிரதி கணினியில் இருக்கட்டும். இரண்டாவதை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் எடுத்து, எடுத்தவுடன் கம்பியைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மூன்றாவதை மதுரையிலோ தேனியிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒப்படையுங்கள். அல்லது இண்டர்நெட் வழியே கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் சேமியுங்கள். கூகுள் இனாமாகத் தரும் இடம் 15 ஜிபி. கணக்குகளுக்கும் பத்திரங்களுக்கும் அது தாராளம். ஆயின் இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்கை அக்கம்பெனியார் நீக்கிவிடக்கூடும் என்பதை மறவாதீர்கள். சர்க்கார் 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கர் வழியே கிடைக்கும் சர்ட்டிபிகேட்டுகள் அசலுக்குச் சமமாக மதிக்கப்படுகின்றன, அதனையும் கைக்கொள்ளலாம்.

இங்கு ஒரு மயக்கம் உண்டு. போனில் உள்ளது தானே இண்டர்நெட்டிலும் ஏறுகின்றதே, அதுவே நகலாகாதோ என்பர். ஏறுவது போலவே அழிப்பதும் ஏறும். குழந்தை ஒன்று போனில் படத்தை அழித்தால் அங்கும் அது மறையும். ஆதலின் தனியே எடுத்துவைத்த பிரதியே பிரதி.

எடுத்து வைத்தால் மட்டும் போதாது. திறந்து பார்த்தலும் வேண்டும். 1998-இல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் சித்திரப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. நகலைத் தேடினர், அதுவும் சரியாகப் பதிவாகாதிருந்தது. கைக்குழந்தையின் நிமித்தம் வீட்டிலிருந்து வேலைசெய்த காலின் சூஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தமையால் படம் பிழைத்தது. பெருங்கம்பெனியின் கதியே இதுவாயின், நாம் ஆறு மாதத்திற்கொரு முறையேனும் நகலிலுள்ள சில பைல்களைத் திறந்து சோதிப்பது அவசியமன்றோ?

இனிக் கள்வரைப் பற்றிச் சிறிது. 2017 மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவி, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டி, பணம் கொடுத்தால் திறப்போம் என்றது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. அண்டை நாடான கேரளத்திலும் சில பஞ்சாயத்து ஆபீஸ்களின் கணினிகள் பூட்டுண்டன. அந்நஞ்சு நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் இரண்டு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தனர். அத்திருத்தத்தை ஏற்றிய கணினிகளில் அந்நஞ்சு அத்துவாரத்தின் வழியே புக இயலவில்லை. 'அப்டேட்' என்று திரையில் தோன்றும்போது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவது, கதவைத் திறந்துவைத்து உறங்குவதே. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த திருத்தங்கள் 2025 அக்டோபரோடு நின்றன. பழைய கணினி வைத்திருப்போர் இதனைக் கவனிப்பாராக. பீரோவில் கழற்றிவைத்த டிஸ்கை எந்த நஞ்சும் எட்டாது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

யந்திரத்தைவிட மனிதரை ஏய்ப்பது கள்வர்க்கு எளிது. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. என்னும் பைலை அழுத்தினால் போன் அவர் கைக்குப் போய்விடும். பணம் பெறுவதற்கு எவரும் பின் நம்பர் இடவேண்டுவதில்லை, இடச்சொல்பவன் கள்வன். ஓ.டி.பி. எண்ணைப் பாங்கி மானேஜரே கேட்டாலும் சொல்லற்க. போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுவோர்க்கு அஞ்சற்க. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பணம் போயிற்றெனில் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். விரைந்து தெரிவித்தால் பணத்தை இடைவழியில் நிறுத்த ஏது உண்டு. மூத்தோர் ஏமாந்தால் இளையோர் ஏசலாகாது. ஏச்சுக்கு அஞ்சி மறைக்கும் அந்த ஒரு மணி நேரமே கள்வனுக்கு ஆதாயம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். குடும்பத் தலைவர் ஒருவரே பாஸ்வேர்டுகளை மனத்தில் வைத்திருந்து, திடீரெனக் காலமானால், மனைவி மக்கள் பூட்டிய பெட்டியின் முன் நிற்பார்கள். எங்கெங்கே எந்தக் கணக்கு உள்ளது, அதனை எவ்வாறு திறப்பது என்பவற்றைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, நகைப்பெட்டியோடு வைத்து, வைத்த இடத்தை இல்லாளுக்குச் சொல்லுங்கள். பெண்மக்களுக்கும் நகலெடுக்கும் முறையைக் கற்பியுங்கள். நமது சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவும் மாணவர் உதவி நிதிக் கணக்கும் இவ்வாறே மூன்று பிரதிகளாக வைக்கப்படல் வேண்டுமெனக் காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

தோட்டத்துக்கு வேலியிடுவோர், காயை உலர்த்தி ஸ்டோரில் பூட்டிவைப்போர், தம் வாழ்நாள் உழைப்பின் கணக்கை ஒரே டிஸ்கில் திறந்தபடி விடலாமோ? மாதப் பிறப்புத்தோறும் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்குவீர்களாயின் அதுவே போதும்.